உறைந்த தேனும் உறுத்தும் சந்தேகமும்

கேள்வி: மார்த்தாண்டத்துக்கு அருகில் இருந்துகொண்டே, கைப்பேசிச் செயலியில் முதலில் காட்டிய ஒரு பெரிய நிறுவனத்தின் தேனை வாங்கினேன். ஒரே மாதத்தில் அது சர்க்கரைபோல உறைந்துவிட்டது. இப்போது செயலியையும் நம்ப முடியவில்லை, நிறுவனத்தையும் நம்ப முடியவில்லை. இனி உள்ளூர்த் தேனீ வளர்ப்பவரிடம் மட்டும் வாங்கலாமா? தண்ணீரில் விட்டுப் பார்க்கும் சோதனை போதுமா?
– வாசகி, குழித்துறை

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது, ஆனால் உறைந்ததை அதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது. நம் கன்னியாகுமரி மாவட்டத் தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டங்களிலிருந்து வருகிறது. இலையுதிர்ந்து புதுத்தளிர் விடும்போது இலைக்காம்பின் நுனியில் சுரக்கும் இனிப்பு நீரைத் தேனீக்கள் எடுத்துச் செய்யும் இந்தத் தேன், கலப்படமே இல்லாவிட்டாலும் விரைவில் உறையும். தண்ணீர்ச் சோதனையும் பயன்படாது. கெட்டியான சர்க்கரைப் பாகும் கரையாமல் அடிக்குத்தான் இறங்கும்.

டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், 13 நிறுவனங்களின் 22 மாதிரிகளில் 5 மட்டுமே எல்லாச் சோதனைகளிலும் தேறின. சில நிறுவனங்கள் இதை மறுத்தன. வழக்கமான ஆய்வகச் சோதனைகளுக்கே சிக்காதவாறு தயாரிக்கப்பட்ட பாகு கலக்கப்படுவதாக அந்த மையம் கூறியிருக்க, அடுக்களைத் தம்ளரில் உண்மை தெரியும் என்று எதிர்பார்ப்பது வீண்.

செயலி ஒரு பொருளை முதலில் காட்டுவது தரத்துக்கான சான்று அன்று; விளம்பரக் கட்டணமும் அதற்குக் காரணமாக இருக்கலாம். வரிசைப்படுத்தும் அடிப்படையை விளக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. விளம்பரத்தைச் சாதாரணத் தகவல்போல மறைத்துக் காட்டுவதை 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள் தடை செய்துள்ளன. அந்த விளக்கத்தைத் தேடிப் படிப்பவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

பலருக்குத் தெரியாத உரிமை ஒன்று உண்டு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006இன் 40ஆவது பிரிவின்படி, வாங்குபவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். விற்றவர் சட்டத்தை மீறியது தெரியவந்தால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் சோதிக்கப் போவதை வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். கடைக்காரரிடம் இதை எளிதாகச் சொல்லலாம். செயலியில் யாரிடம் சொல்வது? நேரில் வாங்குவதில் நான் காணும் பெரிய நன்மை இதுதான்.

உள்ளூர்த் தேன் என்பதற்காக மட்டும் நம்பிவிட வேண்டாம். பாட்டிலில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) 14 இலக்கப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. முதிராத அடையிலிருந்து அவசரமாக எடுத்த தேன் ஈரம் மிகுந்து புளித்துவிடும்.

இந்தப் பாட்டில் உறைந்ததை மட்டும் வைத்து வழக்குத் தொடுத்தால் நிற்காது. வேறு குறை தெரிந்தால், பாட்டிலையும் ரசீதையும் பத்திரப்படுத்திச் செயலியின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதியலாம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் இந்த மாவட்டத்தில் வசிப்பதால் நாகர்கோவிலிலுள்ள நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்.