உயர்தரத்துக்காக யாழ்ப்பாணம் போனால் முல்லைத்தீவு மாவட்டம் கைவிட்டுப் போகுமா?

முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். அவருடைய மகள் பதினொராம் தர முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்து, பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் உயர்தர வகுப்பில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் படிக்க விரும்புகிறாள். அவர்களுடைய பாடசாலையில் பல மாதங்களாகப் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை. யாழ்ப்பாணத்தில் தனியார் கல்வி நிலையம் நடத்தும் ஒருவர், "பிள்ளையின் பெயர் முல்லைத்தீவுப் பாடசாலையிலேயே இருக்கட்டும், பிள்ளை மட்டும் இங்கே விடுதியில் தங்கிப் படிக்கட்டும், வரவையும் கடிதங்களையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், மாவட்டக் கோட்டாவும் உங்களுக்குத் தப்பாது" என்று சொல்லியிருக்கிறார். இதை நம்பலாமா, அல்லது முறைப்படி யாழ்ப்பாணப் பாடசாலையொன்றுக்கு மாற்றினால் பல்கலைக்கழக அனுமதியில் முல்லைத்தீவு மாவட்டத்துக்கென ஒதுக்கப்படும் இடங்களுக்கான (மாவட்டக் கோட்டா) உரிமையை மகள் இழந்துவிடுவாளா என்பதே தந்தையின் கேள்வி.

முதலாவது கேள்விக்கு, நம்ப வேண்டாம் என்பதே என் பதில். இரண்டாவதுக்கு ஒரு சொல்லில் பதில் இல்லை.

பல்கலைக்கழக அனுமதியில் பிள்ளையின் மாவட்டம் எது என்று பார்க்கும்போது பிறந்த ஊரும் அடையாள அட்டையிலுள்ள முகவரியும் முதலில் வருவதில்லை. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் பிள்ளை எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தது என்பதே முதலில் வரும். மூன்று ஆண்டுகளும் ஒரே மாவட்டத்தில் கழிந்திருந்தால் வேறு பேச்சுக்கு இடமில்லை. சிக்கல் உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகளுக்குத்தான். உயர்தர வகுப்பு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் முடிந்துவிடுவதால், மூன்று ஆண்டுக் கணக்கு பின்னோக்கிப் போய்ப் பதினொராம் தரத்தையும் தொடும். அதாவது சாதாரண தரம் முடிந்த கையோடு யாழ்ப்பாணம் போகும் பிள்ளையின் கணக்கில் ஒரு பகுதி புதுக்குடியிருப்பிலும் மீதி யாழ்ப்பாணத்திலும் விழுகிறது. இப்படி இரண்டு மாவட்டங்களில் படித்த பிள்ளையிடம் நிரந்தர வதிவிடத்துக்கான சான்றுகள் கேட்கப்படும். பாடசாலை விடுகைப் பத்திரம், அதிபரின் கடிதம், வாக்காளர் இடாப்புப் பிரதி, பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட கிராம அலுவலர் சான்றிதழ் ஆகியவை ஒன்றுக்கொன்று முரணில்லாமல் பேச வேண்டும். அவை பேசாவிட்டால் பிள்ளைக்காக வேறு எவரும் பேச முடியாது.

இந்த இடத்தில்தான் முல்லைத்தீவு உள்ளிட்ட வன்னிப் பகுதிக் குடும்பங்கள் தடுக்கி விழுவதைக் காண்கிறேன். 2009இல் போர் முடிந்த பிறகு மீளக் குடியமர்ந்த பல குடும்பங்களின் வாக்காளர் பதிவு இன்னும் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ உறவினர் வீட்டு முகவரியில் கிடக்கிறது. தேர்தல் நாளில் அது ஒரு பஸ் பயணத்தோடு முடிந்துவிடுவதால் எவரும் மாற்றுவதில்லை. பிள்ளை பத்து வருடம் முல்லைத்தீவு மண்ணில் படித்திருக்கும், ஆனால் தகப்பனின் பெயர் இடாப்பில் இன்னொரு மாவட்டத்தில் இருக்கும். பிள்ளை ஒரே மாவட்டத்தில் படித்திருந்தால் இது பெரிதாக உறுத்தாது. பாடசாலை மாறிய பிள்ளைக்கோ இதுவே கழுத்தில் கட்டிய கல்லாகிவிடும். வருடாந்த இடாப்புத் திருத்தத்துக்குக் கிராம அலுவலர் படிவம் தரும்போது அதை நிரப்பிக் கொடுங்கள். வீட்டு உறுப்பினர் பெயர்கள் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் பிசகாமல் இருக்கட்டும். ஒரு கந்தோரில் 'ணன்' என்றும் இன்னொன்றில் 'னன்' என்றும் எழுதிய ஒரே பெயரைத் திருத்த ஒரு தாய் நான்கு தடவை ஏறி இறங்கியதை நான் அறிவேன். ஒவ்வொரு தடவையும் "அடுத்த கிழமை வாருங்கள்" என்றுதான் சொன்னார்கள். அந்தத் தாய்க்கு அடுத்த கிழமை என்பது இன்னொரு நாட்கூலியை இழப்பது என்று கதிரையில் இருந்தவர்களுக்கு விளங்கவில்லை.

இனிக் கல்வி நிலையக்காரர் சொன்ன வழியைப் பார்ப்போம். பெயர் ஓரிடத்திலும் பிள்ளை இன்னோரிடத்திலும் இருப்பதென்றால் வரவுப் பதிவேட்டில் நாள்தோறும் ஒரு பொய் எழுதப்பட வேண்டும். அந்தப் பொய்க்கு அதிபரோ வகுப்பாசிரியரோ கையெழுத்திட வேண்டும். பிழையான தகவலின் பேரில் கிடைத்த அனுமதி பின்னர் எந்த நேரத்திலும் இரத்துச் செய்யப்படலாம். நான் கற்பித்த பிள்ளையொன்றின் தந்தை ஒரு மாலையில் நான்காக மடித்த விடுகைப் பத்திரத்துடன் என் வீட்டுக்கு வந்தார். பாடசாலையை விட்டு நீங்கிய திகதியின் மேல் வெள்ளை மை பூசி, அதன்மேல் வேறொரு பேனாவால் வேறொரு மாதம் எழுதப்பட்டிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது பழைய எண் அப்படியே தெரிந்தது. திருத்தியவர் ஒரு தரகர், அதற்காக அவர் பணமும் வாங்கியிருந்தார். விசாரணைக் கடிதம் வந்தபோது அவருடைய தொலைபேசி இயங்கவில்லை. அந்தப் பிள்ளை திறமையால் எடுத்த புள்ளி யாருக்கும் பயன்படாமல் ஒரு வருடம் வீணானது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது, ஏனென்றால் அந்தப் பத்திரம் திருத்தப்படாமலே போதுமானதாக இருந்திருக்கும்.

மாவட்டக் கோட்டா என்ற சொல்லைச் சுற்றி இத்தனை பேர் வியாபாரம் செய்வதால் அதன் உண்மையான அளவையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பகிரப்படுகின்றன. வன்னி மாவட்டங்களைப் போலவே யாழ்ப்பாணமும் அந்த 16க்குள் அடங்கும். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் முல்லைத்தீவின் சனத்தொகை ஏறத்தாழ 92,000 ஆகவும் யாழ்ப்பாணத்தின் சனத்தொகை ஏறத்தாழ 5,83,000 ஆகவும் இருந்தன. நாட்டின் சனத்தொகையோ இரண்டு கோடிக்குச் சற்று மேல். அந்தக் கணக்குப்படி ஒரு பாடநெறியில் 1,000 இடங்கள் இருந்தால் மாவட்ட அடிப்படையில் போகும் 550இல் முல்லைத்தீவுக்கு வருவது இரண்டு அல்லது மூன்று இடங்கள்தான்.

வெட்டுப்புள்ளி என்பது தெரிவான கடைசிப் பிள்ளையின் இசட் புள்ளி. இரண்டு மூன்று இடங்கள் உள்ள மாவட்டத்தில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கூடினாலோ குறைந்தாலோ அது ஏறி இறங்கிவிடும். ஆகவே போன வருட வெட்டுப்புள்ளியைச் சுவரில் ஒட்டிவைத்து அதற்கு மட்டும் படிப்பது பிழை. இசட் புள்ளி என்பதும் மொத்தப் புள்ளி அல்ல. ஒவ்வொரு பாடத்திலும் நாட்டின் சராசரியிலிருந்து பிள்ளை எவ்வளவு தூரம் மேலே நிற்கிறது என்று கணக்கிட்டு, மூன்று பாடங்களையும் சேர்த்துச் சராசரி எடுக்கிறார்கள். மூன்று 'ஏ' எடுத்த இரு பிள்ளைகளில் ஒன்று மருத்துவத்துக்குப் போக மற்றது போகாமல் விடுவது இதனால்தான்.

அப்படியானால் மகள் போகலாமா? என்னைக் கேட்டால், பாடசாலையைப் பொறுத்தவரை புதுக்குடியிருப்பிலேயே இருக்கட்டும் என்பேன். குறை ஒரு பாடத்தில் இருக்கும்போது மூன்று பாடங்களையும் வீட்டையும் சேர்த்து இடம்பெயர்ப்பது பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பெரிய சுமை. விடுதிச் செலவும் தனிமையும் முதலாம் தவணையிலேயே படிப்பைத் தின்றுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். பௌதிகவியலுக்குச் சனி, ஞாயிறுகளில் ஒரு நல்ல வகுப்பு போதும், அது கிளிநொச்சியிலும் கிடைக்கும். பரந்தன் வீதியால் காலையில் போய் மாலையில் வந்துவிடலாம். அதற்கு மேலாக, பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் கடந்தகால வினாத்தாள்களையும் புள்ளியிடும் திட்டங்களையும் மகள் கையில் எடுக்க வேண்டும். பௌதிகவியல் முதலாம் பத்திரத்தில் 50 பல்தேர்வு வினாக்களுக்கு 2 மணித்தியாலம்தான் கிடைக்கிறது. ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடமும் இல்லை. வீட்டில் மணிக்கூட்டை வைத்துக் கிழமைக்கு ஒரு தாள் செய்த பிள்ளைக்கும், தாள்களை வாங்கி அடுக்கி வைத்த பிள்ளைக்கும் இடையிலான தூரம் மிகப் பெரியது.

ஆசிரியர் வெற்றிடத்தை விதி என்று விட்டுவிடவும் வேண்டாம். வன்னிக்கு நியமனம் பெறும் விஞ்ஞான ஆசிரியர் இடமாற்றக் கடிதத்தையும் சேர்த்தே எழுதத் தொடங்குகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், மாற்று ஆள் வரும் முன்னரே அவரை விடுவிக்கிறார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் தீர்மானமாக, எத்தனை பிள்ளைகள், எத்தனை மாதங்கள், எத்தனை பாடவேளைகள் இழக்கப்பட்டன என்று எண்ணிக்கையோடு எழுதி, அதிபர் ஊடாக வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பக்கத்துப் பாடசாலை ஆசிரியரை வாரத்தில் இரண்டு நாட்களாவது தற்காலிகமாக இணைக்கும்படி கேளுங்கள்.

எல்லாவற்றையும் யோசித்த பிறகும் யாழ்ப்பாணமே என்று முடிவெடுத்தால், முறைப்படி விடுகைப் பத்திரம் எடுத்து, முறைப்படி அனுமதி பெற்றுப் போங்கள். வதிவிட ஆவணங்களை இன்றே சீர்செய்யுங்கள். பரீட்சை நடக்கும் ஆண்டுக்கான பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் மாணவர் கைந்நூலில் மாவட்டம் பற்றிய பகுதியை நீங்களே வாசியுங்கள். அது தமிழில் வருகிறது, அதை வாசித்துச் சொல்ல எந்த ஆலோசகருக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை.

கடைசியாக, விண்ணப்ப நாளில் நடக்கும் ஒரு காரியத்தையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். எங்கள் பக்கத்தில் பல பிள்ளைகள் இணையவழி விண்ணப்பத்தைச் சந்திக் கடையில் கொடுத்து நிரப்புகிறார்கள். கடைக்காரர் அவசரத்தில் தன் மின்னஞ்சலையும் தன் தொலைபேசி இலக்கத்தையும் போட்டுவிடுகிறார். ஆணைக்குழுவின் அறிவித்தல் பிள்ளைக்கு வருவதே இல்லை. பாடநெறிகளின் விருப்ப வரிசையையும் சில வேளை அவரே தீர்மானிக்கிறார். மகளுக்கென்று ஒரு மின்னஞ்சலை இந்த வருடமே திறந்து, கடவுச்சொல்லை வீட்டுக் கொப்பியில் எழுதிவையுங்கள். கட்டடக்கலை போன்ற சில பாடநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சைக்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும், அதற்கான முடிவுத் திகதி தனியானது என்பதையும் கடைக்காரர் சொல்லமாட்டார். விருப்ப வரிசையை மகள் தன் கையால் ஒரு தாளில் எழுதி, நீங்களும் பார்த்த பிறகே கணினிக்கு முன்னால் உட்காரட்டும். "சமர்ப்பி" என்ற பொத்தானை அவளே அழுத்தட்டும்.