அந்தப் படைப்புக்குப் பெயர் கிடையாது

கேள்வி: கல்லூரி விநாடி வினாவில், ஃபிராங்கன்ஸ்டைன் என்பது ஒரு பூதத்தின் பெயர் என்று பதில் சொன்னேன். நடுவர் அதைத் தவறு என்று சொல்லிவிட்டார். அந்தப் பச்சை முகத்தை எல்லோரும் அப்படித்தானே அழைக்கிறார்கள்?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: நடுவர் சொன்னதுதான் சரி. ஆனாலும் நீங்கள் வருந்த வேண்டாம். உலகமே நெடுங்காலமாகச் செய்துவரும் தவறு இது. 1818 ஜனவரியில் லண்டனில் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்த மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலில், விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்பவர் ஜெனீவா நகரத்துக் குடும்பத்தில் பிறந்து, ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் படிக்கும் இளைஞர். பிணங்களிலிருந்து திரட்டிய உறுப்புகளைப் பொருத்தி அவர் உயிர் கொடுத்த படைப்புக்கு நாவல் முழுவதிலும் பெயரே இல்லை. அது கண் திறந்ததும் அருவருத்து ஓடிவிடுகிறவர் பெயரா வைப்பார்?

1823இல் இக்கதை லண்டனில் நாடகமானபோது, நடிகர் பட்டியலில் அந்தப் பாத்திரத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகளை அச்சிட்டிருந்தார்கள். நாடகத்தைப் பார்த்த மேரி, பெயரிட முடியாததைப் பெயரின்றியே குறித்த அந்த முறை நன்றாக இருந்ததென்று நண்பருக்கு எழுதினார். ஆனால் அவர் உயிரோடிருந்த 1848இலேயே, எலிசபெத் காஸ்கெல் என்ற நாவலாசிரியர் படைத்தவரின் பெயரைப் படைப்புக்குச் சூட்டி எழுதிவிட்டார். தந்தை பெயரை முதலெழுத்தாகத் தாங்கும் நமக்கு இந்த மயக்கம் எளிதில் புரியும். இங்கே முதலெழுத்து மட்டும் இருக்கிறது, அதையடுத்து வர வேண்டிய பெயரைத்தான் யாரும் வைக்கவில்லை.

கேள்வி: தட்டையான தலை, கழுத்தில் ஆணி, இடி மின்னல் இவையெல்லாம் நாவலில் உண்டா?
– வாசகர், ஈரோடு

பதில்: நீங்கள் சொல்லும் தலையும் ஆணியும் நாவலில் இல்லை. அதில் வருவது எட்டடி உயரம், தசையையும் நாளங்களையும் மூடப் போதாத மஞ்சள் தோல், பளபளக்கும் கருங்கூந்தல், முத்துப் போன்ற பற்கள், கறுத்த உதடுகள். உறுப்புகளை அழகு பார்த்துத் தேர்ந்தெடுத்தும் மொத்தத்தில் கோரமாகிவிட்டதே என்பதுதான் விக்டரின் அதிர்ச்சி. நீங்கள் அறிந்த முகம், 1931இல் யுனிவர்சல் நிறுவனத்தின் படத்துக்காக ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் உருவாக்கியது. மண்டையோட்டின் மேற்பகுதியைப் பானை மூடியைப் போல அறுத்துத் திறந்து மூளையை வைத்த அடையாளமாகத் தலையைத் தட்டையாக்கினார். கழுத்தில் இருப்பவை மின்சாரம் பாய்வதற்கான முனைகள்.

உயிர் வந்த விதத்தைப் பற்றி ஓர் உயிர்ப்பொறி என்பதற்கு மேல் நாவல் எதுவும் விளக்குவதில்லை. இடியும் மின்னலும் வேறு இடங்களில் வருகின்றனவே தவிர, உயிர் வரும் இரவில் மழை மட்டுமே ஜன்னலில் தட்டிக்கொண்டிருக்கிறது. எனினும் மின்சாரத்தைப் பற்றிய எண்ணம் அந்தக் காலத்தில் பரவலாக இருந்ததுதான். 1803இல் இத்தாலிய விஞ்ஞானி ஜொவான்னி ஆல்டீனி, தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலில் லண்டனில் மின்சாரத்தைப் பாய்ச்சியபோது தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது.

கேள்வி: பேய்க்கதை என்று நினைத்துப் படிக்கத் தொடங்கிய எனக்குப் பயத்தைவிட அழுகைதான் வந்தது. நான் தவறாகப் படித்துவிட்டேனா?
– பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: மிகச் சரியாகப் படித்திருக்கிறீர்கள். கைவிடப்பட்ட அந்த உயிர் ஒரு குடிலையொட்டிய கொட்டிலில் ஒளிந்துகொண்டு, சுவரிலுள்ள சிறு இடுக்கின் வழியே ஓர் ஏழைக் குடும்பத்தைப் பார்த்துப் பார்த்தே பேச்சைக் கற்றுக்கொள்கிறது. அது முதலில் கற்கும் சொற்கள் நெருப்பு, பால், ரொட்டி, விறகு. இரவில் அவர்களுக்கு விறகு வெட்டி வாசலில் வைத்துவிட்டுப் போகிறது. ஒருநாள், பார்வையற்ற முதியவர் தனித்திருக்கும் நேரம் பார்த்து உள்ளே சென்று பேசுகிறது. அவர் அன்போடு பதில் சொல்கிறார். வெளியே போயிருந்த மகன் திரும்பி வந்து, அதன் உருவத்தைக் கண்டதும் கழியால் அடித்து விரட்டுகிறான். பின்னர் அது செய்யும் கொலைகளை யாராலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அவற்றுக்கு முன்னால் இந்தக் கழியடி விழுந்திருக்கிறது.

மேரி பிறந்த பதினோராம் நாள் அவருடைய தாய் இறந்தார். 1815இல் அவருடைய முதல் குழந்தையும் சில நாட்களிலேயே இறந்துபோனது. குழந்தை குளிரில்தான் கிடந்தது, நெருப்பருகே வைத்துத் தேய்த்ததும் உயிர் வந்துவிட்டது என்று கனவு கண்டதாக அந்த மார்ச் மாதம் தம் நாட்குறிப்பில் எழுதினார். அடுத்த ஆண்டு ஜெனீவா ஏரிக்கரையில் கவிஞர் பைரனின் வீட்டில், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்ற பேச்சு எழுந்தபோது பதினெட்டு வயதான அந்தத் தாய்க்குத் தோன்றிய கதை இது. இறந்ததற்கு உயிர் கொடுப்பதை அவர் எத்தகைய மனத்தோடு எண்ணியிருப்பார் என்பதை நினைத்தால் எனக்கும் கண் கலங்குகிறது.

திரைப்படம் இந்தப் படைப்புக்குச் செய்த பெரிய அநீதி, அதன் பேச்சைப் பறித்ததுதான். அந்தப் பழக்கத்தை 1823ஆம் ஆண்டு நாடகமே தொடங்கிவைத்தது. 1931 படத்தில் அந்தப் படைப்பாக நடித்த போரிஸ் கார்லாஃபுக்கு ஒரு வார்த்தைகூடக் கிடையாது. ஆனாலும் கூரை திறந்து வெளிச்சம் விழும்போது, அதைப் பிடித்துவிட முடியும் என்பதுபோல இரு கைகளையும் மேலே நீட்டுகிறாரே, அந்தக் கைகள் பேசுகின்றன. ஏரிக்கரையில் ஒரு சிறுமி அதற்குப் பூக்களைக் கொடுத்து, அவற்றை நீரில் மிதக்கவிட்டு விளையாடக் கற்றுத்தருகிறாள். பூக்கள் தீர்ந்ததும், அவளும் மிதப்பாள் என்று நம்பி அவளைத் தூக்கி நீரில் போட்டுவிடுகிறது. இந்தப் பகுதியைத் தணிக்கையில் வெட்டியதால், கை நீள்வதையும் பிறகு தந்தை மகளின் உடலைச் சுமந்து வருவதையும் மட்டுமே பல பத்தாண்டுகளாக மக்கள் பார்த்தார்கள். அறியாமையால் நேர்ந்த சாவு, வெட்டப்பட்டதாலேயே வேறு ஏதோ கொடுமையாகத் தோன்றியது. 1935இல் வந்த அடுத்த படத்தில்தான் அதற்குச் சில சொற்களாவது கிடைத்தன.

கேள்வி: ஆங்கில மூலத்தையே படிக்க விரும்புகிறேன். எந்தப் பதிப்பு நல்லது?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: 1818, 1831 என்று இரண்டு பாடங்கள், அதாவது நாவலின் இரண்டு வடிவங்கள், கிடைக்கின்றன. பின்னதில் மேரி பலவற்றைத் திருத்தி, கதை பிறந்த விதத்தைச் சொல்லும் முன்னுரையும் சேர்த்தார். விதியின் மேல் பழியைப் போட்டு விக்டரைப் பொறுப்பிலிருந்து தப்பவிடாத 1818 பாடமே எனக்குப் பிடித்தது. கைக்குக் கிடைப்பது 1831 பாடமானாலும் தயங்காமல் வாங்குங்கள். அதில் பதினொன்று முதல் பதினாறு வரையிலான அத்தியாயங்களில் அந்தப் படைப்பு தன் கதையைத் தானே சொல்கிறது. அந்த ஆறு அத்தியாயங்களையும் வாய்விட்டுப் படியுங்கள்.