முன்பக்கம் ஆட்டுப் படம், பின்பக்கம் பசும்பால்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அருகுலா கீரையையும் ஆட்டுப்பால் சீஸையும் பற்றியவை. விடுமுறைக்கு வந்த பிள்ளைகளின் வேலையாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே பந்தியில் வைத்துவிடுகிறேன்.

கேள்வி: மகள் பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறாள். அருகுலாவும் கோட் சீஸும் வாங்கி வைக்கச் சொன்னாள். கடையில் ‘ராக்கெட்’ என்று எழுதிய டப்பாதான் இருந்தது. இரண்டும் ஒன்றுதானா? அந்த 50 கிராமுக்குக் கொடுத்த காசில் உழவர் சந்தையில் ஒரு பை நிறையக் கீரை வாங்கியிருக்கலாம். ஏமாந்துவிட்டேனா?
(வாசகி, கோவை)

பதில்: ஏமாறவில்லை. அருகுலா, ராக்கெட், ருகோலா மூன்றும் ஒரே கீரைக்கு வெவ்வேறு ஊர்ப் பெயர்கள். கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ் இருக்கிற குடும்பம்தான் இதுவும். மென்றவுடன் மூக்கில் ஏறுகிற அந்தச் சுறுசுறுப்பு அங்கிருந்து வந்தது. வடக்கே இதே செடியைத் தாரமிரா என்று சொல்லி எண்ணெய் வித்துக்காகப் பயிரிடுகிறார்கள். ‘வைல்ட் ராக்கெட்’ என்று போட்டிருந்தால் மட்டும் அது வேறு செடி. இலை மெலிந்து, ஓரம் ஆழமாக வெட்டுப்பட்டு, காரம் ஒரு படி தூக்கலாக இருக்கும். சமையலுக்கு இரண்டும் ஒன்றுக்கொன்று சரி.

விலையில் ஒரு பங்கு குளிர்ச்சிக்கும் டப்பாவுக்கும் போகிறது. அப்படியென்றால் அந்தக் குளிர்ச்சி உங்கள் கைக்கு வந்து சேர்ந்ததா என்று பார்ப்பதுதான் வாங்குகிறவர் வேலை. டப்பாவைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். மேலே இருக்கும் இலை எப்போதும் அழகாகத்தான் இருக்கும், அழுகல் அடியில் ஆரம்பிக்கும். உள்ளே தண்ணீர் முத்து முத்தாகக் கோத்திருந்தாலோ, ஒரு இலை வழவழவென்று கறுத்திருந்தாலோ வைத்துவிடுங்கள். நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாகச் சரக்கு இறங்குகிற நாள் எது என்று கடைப் பையனிடம் கேட்டால் சொல்லிவிடுவான். அன்றைக்கே வாங்குவது நல்லது. வீட்டுக்கு வந்ததும் டப்பாவுக்குள் ஒரு காகிதத் துண்டை விரித்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். ‘கழுவியது’ என்று அச்சிட்டிருந்தாலும் நான் கழுவாமல் போடுவதில்லை.

கிடைக்காவிட்டால் அலைய வேண்டாம். முள்ளங்கியின் இளந்தழை அந்த வேலையை முக்கால்வாசி செய்துவிடும், அதுவும் முள்ளங்கியோடு சும்மா வருகிறது. தொட்டி இருந்தால் ஐப்பசி கடைசியில் விதை தூவுங்கள். 30, 40 நாளில் பறிக்கலாம். சித்திரையில் தூவினால் நம்ம ஊர் வெயிலுக்குச் செடி சட்டென்று பூவெடுத்து இலை கசந்துபோகும். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

கேள்வி: ஆன்லைனில் ‘கோட் சீஸ்’ என்று வெள்ளாட்டுப் படம் போட்டு விற்கிறார்கள். இங்கே கடையில் கேட்டால், ஃபெட்டாவை எடுத்துக் கொடுத்து “அதுவும் ஆட்டுச் சீஸ்தாங்க” என்கிறார். விலையில் பெரிய வித்தியாசம். எதை நம்புவது?
(வாசகர், ஈரோடு)

பதில்: படத்தையும் நம்ப வேண்டாம், கடைக்காரரையும் நம்ப வேண்டாம். பொட்டலத்தைத் திருப்புங்கள்.

ஃபெட்டா பிறந்த இடமான கிரீஸில் அது செம்மறிப் பாலில் செய்வது. வெள்ளாட்டுப் பால் 30 சதவீதம் வரை சேர்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2002 முதல் அந்தப் பெயருக்குப் பாதுகாப்பு உண்டு, வேறு பாலில் செய்து அங்கே ஃபெட்டா என்று விற்க முடியாது. இங்கே கடைகளில் அந்தப் பெயரில் கிடைப்பதில் நிறையப் பசும்பாலிலோ எருமைப்பாலிலோ செய்தவை. தின்ன நன்றாகவே இருக்கும், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை ஆட்டுச் சீஸ் என்று நினைத்து ஆட்டுச் சீஸின் விலையைக் கொடுப்பதுதான் நஷ்டம்.

நானே ஒருமுறை மாட்டியவன். முன்பக்கம் கொம்பும் தாடியுமாக ஒரு ஆடு ஒய்யாரமாக நின்றது. வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் படித்தால், சேர்மானப் பட்டியலில் முதலில் பசும்பால், இரண்டாவதாகத்தான் ஆட்டுப்பால். எது எடையில் கூடுதலோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. ஆகவே அந்தப் பட்டியலின் முதல் வார்த்தைதான் நீங்கள் வாங்கும் பொருளின் உண்மையான பெயர். ‘கோட் மில்க்’ என்று இருக்க வேண்டும். வெறுமனே ‘மில்க்’ அல்லது ‘மில்க் சாலிட்ஸ்’ என்று இருந்தால் கேள்வி கேளுங்கள். கீழே ‘பால் அடங்கியது’ என்று ஒவ்வாமைக் குறிப்பு இருக்குமே, அது எந்த விலங்கின் பால் என்று சொல்லாது. அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

நிறமும் ஒரு அடையாளம். மாட்டுப்பாலுக்கு இளமஞ்சள் கொடுக்கும் கரோட்டினை ஆடு தன் உடம்புக்குள்ளேயே வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுகிறது. அதனால் ஆட்டுச் சீஸ் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளேரென்று இருக்கும். ஆனால் எருமைப்பால் சீஸும் வெள்ளைதான். எனவே மஞ்சளாக இருந்தால் சந்தேகப்படலாம், வெள்ளையாக இருந்தால் அதை மட்டும் வைத்து நம்பிவிட முடியாது. நாக்கில் வைத்தால் புளிப்பும் லேசான ஆட்டுவாடையும் வர வேண்டும்.

சைவம் பார்ப்பவர்கள் பச்சைப் புள்ளியோடு, பாலைத் திரிய வைத்தது எது என்றும் பாருங்கள். பழைய முறையில் ரென்னெட் என்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பது. ‘மைக்ரோபியல் ரென்னெட்’ என்றால் நுண்ணுயிரிலிருந்து வந்தது. 14 இலக்க உணவு உரிம எண், தயாரித்த தேதி, இறக்குமதிச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் ஒட்டிய ஸ்டிக்கர், இவை இல்லாத பொட்டலத்தைத் தொடவே வேண்டாம். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராம் ஒன்றுக்கு என்ன விலை என்றும் போட வேண்டும். பெரிய டப்பா, சின்ன டப்பா குழப்பத்தை அந்த ஒரு எண் தீர்த்துவிடும்.

முன்னால் ஆடு, பின்னால் மாடு என்றால் அது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான அடையாளமிடல் என்ற கணக்கில் வரக்கூடியது. அபராதம் 3 லட்சம் ரூபாய் வரை போகலாம். பில்லோடு இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

கேள்வி: தோட்டத்தில் ஏழு வெள்ளாடு நிற்கிறது. “அந்தப் பாலில் நாமே சீஸ் போடலாமே மாமா” என்கிறாள் மருமகள். ஆகிற காரியமா?
(வாசகர், காங்கேயம்)

பதில்: மருமகள் சொல்வது சரி. முதலில் உங்கள் ஆடு எது என்று பார்க்க வேண்டும். சேலம் கருப்பு மாதிரி நம் பக்கத்து ஆடுகள் கறிக்காக வளர்ப்பவை, பால் குட்டிக்குப் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். தலைச்சேரி, ஜமுனாபாரி இருந்தால் கை நிறையக் கறக்கலாம்.

கிடாயைக் கறவை ஆட்டுக்குப் பக்கத்தில் கட்டாதீர்கள், அந்த வாடை பாலில் ஏறும். கறந்ததும் வடிகட்டி, தாமதிக்காமல் காய்ச்சுங்கள். பச்சைப் பாலில் சீஸ் போடவே கூடாது. புரூசெல்லா என்ற கிருமியால் வரும் காய்ச்சல் ஆட்டுப்பால் வழியாக மனிதருக்குத் தொற்றும், பாலைக் கொதிக்க வைத்தால்தான் அந்தக் கிருமி சாகும்.

ஒரு லிட்டர் பால் நன்றாகக் கொதித்ததும் இறக்கி, கொஞ்சம் ஆறவிட்டு, எலுமிச்சைச் சாறு இரண்டு மூன்று மேசைக் கரண்டி விட்டு ஒரே ஒரு சுற்று கிளறிவிட்டு விட்டுவிடுங்கள். பனீர் மாதிரி கட்டி கட்டியாகத் திரியாது, பூப்போலச் சன்னமாகத் திரியும். அதைப் பார்த்து “கெட்டுப்போச்சு” என்று கொட்டிவிட வேண்டாம். துவைத்துக் கொதிநீரில் அலசிய பழைய வேட்டித் துணியில் வடித்து இரண்டு மணி நேரம் தொங்கவிட்டால் 150 முதல் 200 கிராம் வரை கிடைக்கும். உப்பு அப்புறம்தான் பிசைய வேண்டும்.

எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. காய்ச்சி ஆறிய ஆட்டுப்பாலை உறை ஊற்றித் தயிராக்கி, துணியில் கட்டி, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வடியவிடுவது. கடைச் சீஸின் புளிப்புக்கு இதுதான் கிட்டத்தில் வரும். ஆட்டுத் தயிர் தளதளவென்றுதான் இருக்கும், அது இயல்பு. எந்த வழியானாலும் மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். வடிந்த தண்ணீரில் சப்பாத்தி மாவு பிசையுங்கள். விற்பதாக இருந்தால் மட்டும் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுக்க வேண்டும், சந்தையில் ஒரு மூலையில் விற்றாலும் சரி.

கேள்வி: பேரனுக்குப் பசும்பால் ஒத்துக்கொள்வதில்லை. ஆட்டுப்பால் சீஸ் கொடுக்கலாமா?
(வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். பசும்பால் புரதம் ஒவ்வாத குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பால் புரதமும் ஒவ்வாது, இரண்டும் அவ்வளவு ஒட்டியவை. லாக்டோஸ்தான் சிக்கல் என்றாலும் அது ஆட்டுப்பாலிலும் இருக்கிறது. ‘எளிதில் செரிக்கும்’ என்று டப்பாவில் எழுதியிருப்பதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: இரண்டையும் வாங்கியாகிவிட்டது. சாலட் போட்டால் என் வீட்டுக்காரர், “தழை தின்ன நான் என்ன ஆடா?” என்கிறார். வேறு என்ன செய்யலாம்? ஆலிவ் எண்ணெய் கட்டாயம் வேண்டுமா?
(வாசகி, திருப்பூர்)

பதில்: ஆலிவ் எண்ணெய்க்கென்று தனியாகச் செலவு செய்யாதீர்கள். நல்ல செக்குக் கடலை எண்ணெய் இந்தக் காரக் கீரைக்கு அருமையாகப் பொருந்தும்.

அருகுலாவைப் பொரியல் மாதிரி வதக்கக் கூடாது, அதுதான் முக்கியம். சுருங்கி ஒரு கைப்பிடியாகி, காரமும் போய், காசும் போய்விடும். அடுப்பை அணைத்த பிறகுதான் அது உள்ளே வர வேண்டும். கம்பு தோசை வார்த்து, வெந்ததும் ஆட்டுச் சீஸை உதிர்த்துத் தூவி, அணைத்துவிட்டு, ஒரு பிடி இலையை வைத்து மடியுங்கள். இந்தச் சீஸ் பீட்சாவில் இழுபடுகிற மாதிரி இழுபடாது, வெண்ணெய் போல இளகி நிற்கும். உங்கள் வீட்டுக்காரர் இரண்டாவது தோசை கேட்பார் என்று நினைக்கிறேன். கேட்காவிட்டால், சூடான அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் விட்டு அதன்மேல் பச்சையாக ஒரு பிடி போட்டுப் பாருங்கள். அதற்குச் சீஸ் வேண்டாம்.

சாலட்டையும் விட்டுவிட வேண்டாம். பீட்ரூட்டைக் குக்கரில் வேகவைத்துத் துண்டு போட்டு, எலுமிச்சை, கடலை எண்ணெய், ஒரு சிட்டிகை நாட்டுச் சர்க்கரை கலந்து ஊறவிடுங்கள். பரிமாறும்போது இலை, சீஸ், ஒன்றிரண்டாக இடித்த வறுத்த நிலக்கடலை. பீட்ரூட்டின் இனிப்பு கீரையின் காரத்தைத் தணித்துவிடும். சீஸிலேயே உப்பு இருக்கிறது, ருசி பார்த்துவிட்டுப் போடுங்கள்.

வாடத் தொடங்கிய இலை இருந்தால், நிலக்கடலை, இரண்டு பல் பூண்டு, ஒரு பச்சை மிளகாயோடு தண்ணீர் விடாமல் எண்ணெய் விட்டு அரைத்துக்கொள்ளுங்கள். ரொட்டிக்கும் ஆகும், இட்லிக்கும் ஆகும். வாடிய இலைதான், வழவழத்த இலை குப்பைக்கு.

கேள்வி: வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்த சீஸ் வெதுவெதுப்பாக இருந்தது. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். இன்னொரு கடையில் ‘கூலிங் சார்ஜ்’ என்று அச்சிட்ட விலைக்கு மேல் பத்து ரூபாய் வாங்கினார்கள்.
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: பத்து ரூபாயை முதலில் பார்த்துவிடுவோம். எல்லா வரியும் சேர்ந்த உச்ச விலைதான் பொட்டலத்தில் இருப்பது, குளிர வைத்ததற்கென்று அதற்குமேல் வாங்கக் கூடாது. பில்லில் ஏற்றித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே பத்து ரூபாய் திரும்பி வந்துவிடும்.

வெதுவெதுப்பான சீஸைத் தின்ன வேண்டாம். மென்மையான சீஸ் குளிர் தப்பினால் கிருமிக்குக் கொண்டாட்டம், கர்ப்பிணிகள் இருக்கிற வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். வாங்கும்போதே, கொண்டுவந்தவர் எதிரிலேயே தொட்டுப் பார்த்துவிட்டு, சூடாக இருந்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். வாங்கிவிட்டால் உடனே படம் எடுத்து, ஆர்டர் எண்ணோடு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஒரு டப்பா சீஸுக்கா என்று யோசிப்பீர்கள். அதே வண்டியில்தான் பக்கத்து வீட்டுக்குப் பாலும் போகிறது.