பழுப்பு உருளையில் வெள்ளைப் படலம்: துடைக்க வேண்டாம்

வணக்கம். ஏலத்தில் வாங்கிய 12 பழைய ஒலிப்பதிவு உருளைகளில் மூன்று பழுப்பாக, வெள்ளை பூத்திருக்கின்றன, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு அவற்றை இசைக்கும் எடிசன் கருவியில் (ஃபோனோகிராஃப்) ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

அது பெரும்பாலும் பூஞ்சை. உருளையின் மெழுகையே தின்று வளர்வது. அது தின்ற இடத்தில் ஒலித்தடமும் போய்விட்டது. துடைத்தால் மீதியும் போகும். மென்மையான உலர்ந்த தூரிகையால் மேல்தூசியை மட்டும் தட்டி, மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். எடுக்கும்போது இரண்டு விரலை உள்ளே விட்டு விரித்துத் தூக்குங்கள். வெளிப்புறத்தைத் தொடவே கூடாது.

பழுப்பு மெழுகு பெரும்பாலும் 1890களைச் சேர்ந்தது. விளிம்பில் தலைப்பு இருக்காது. பாட்டுக்கு முன் ஒருவர் பேசி அறிவிப்பார். அந்தக் குரல்தான் அதன் அடையாளம், அது அழிந்தால் உருளை அநாதைதான். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஊசி மெழுகைச் செதுக்கும். அதனால் இந்த மூன்றையும் நீங்கள் ஓட்டாமல், மின்முறையில் பதிவெடுப்பவரிடம் கொடுங்கள். சான்டா பார்பராவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக நூலகம் ஆயிரக்கணக்கான உருளைகளை இப்படி மாற்றி இணையத்தில் வைத்திருக்கிறது. முதலில் அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள்.

மற்ற ஒன்பதும் கறுப்பா நீலமா? நீலம் என்றால் 1912 முதல் வந்த செல்லுலாய்டு (பழைய வகை பிளாஸ்டிக்), நான்கு நிமிடம் ஓடும் வகை. அதற்கான வைர ஊசியை மறந்தும் மெழுகில் வைத்துவிடாதீர்கள்.