பேய்க்குமட்டி ரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்குமா? எப்படிச் சோதிக்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் அப்பாவுக்குப் புற்றுநோய், பேய்க்குமட்டிச் சாறு கொடுக்கலாமா என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். கொடுக்க வேண்டாம். காரணம் சோதனையிலேயே இருக்கிறது. தருமபுரியில் கல்லூரி மாணவர்களோடு இந்தச் சோதனையைச் செய்கிறவன் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

பேய்க்குமட்டி சஹாரா, தார் பாலைவன மணலில் படரும் கொடி. நம் பக்கத்து வறண்ட நிலங்களிலும் உண்டு. புற்றுநோய்க் கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டி வளர வேண்டுமானால் அதற்குப் புது ரத்தக்குழாய் வேண்டும் என்று 1971-ல் ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் எழுதினார். அந்தக் குழாய் வளர்வதைத் தடுக்கும் சரக்கு பேய்க்குமட்டி போன்ற செடிகளில் உண்டா என்று தேடுவதுதான் இந்த ஆராய்ச்சி.

சோதனைக்குக் கோழிமுட்டை போதும். கடை முட்டையில் குஞ்சாக வளரும் கரு இருக்காது. பொரிப்பகத்தில்தான் வாங்க வேண்டும். 37.5 டிகிரியில் அடைவைத்து, மூன்றாம் நாள் ஊசியால் இரண்டு மூன்று மில்லி வெண்கருவை உறிஞ்சினால் உள்ளே இருப்பது ஓட்டைவிட்டுக் கீழே இறங்கும். ஓட்டில் சின்னச் சன்னல் வெட்டி டேப் ஒட்டி மூடிவிடுவோம். எட்டாம் நாள் திறந்தால், கருவைச் சுற்றியுள்ள சவ்வு முழுக்கச் சிவப்பு இழைகள் கிளை கிளையாக ஓடும். அடியில் குஞ்சின் கண் கறுப்பாகத் தெரியும். சாற்றில் தோய்த்து உலர்த்திய ஃபில்டர் பேப்பர் வட்டு ஒன்றைச் சவ்வின்மேல் வைத்து, இரண்டு நாள் கழித்து அதைச் சுற்றிக் கிளைகளை எண்ணுவோம். சாறு இல்லாமல், அதைக் கரைத்த திரவம் மட்டும் தோய்த்த வட்டு வைத்த முட்டைகளும் கூடவே இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த எண்ணிக்கைக்கு மதிப்பே கிடையாது.

குழாய் குறைந்ததும் மாணவர்களுக்கு ஒரே சந்தோஷம். "முதல்ல இதயம் துடிக்குதா பாரு" என்பேன். கரு செத்தாலும் குழாய் குறையத்தான் செய்யும். பேய்க்குமட்டியில் இருக்கும் குக்குர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் செல்லையே கொல்லக்கூடியது. அதனால் சாற்றை நீர்க்க நீர்க்கக் குறைத்து, கரு நன்றாக இருக்க, குழாய் மட்டும் குறையும் அளவு ஒன்று உண்டா என்று தேட வேண்டும். என்னைக் கேட்டால் உண்மையான சோதனையே இதுதான். அப்படியோர் அளவு கிடைத்தாலும் அது முட்டைச் சவ்வுக்கான அளவு, மனிதருக்கானது இல்லை.

குடித்தால் கடும் பேதி, குடல் புண், ரத்தப்போக்கு எல்லாம் வரும், இறந்தவர்களும் உண்டு. கீமோ எடுக்கும் உடம்பு அதைத் தாங்காது. இன்னொன்று, புண் ஆறவும் புது ரத்தக்குழாய் வேண்டும். அதனால்தான் ரத்தக்குழாயைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்ற ஊசியைக்கூட ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பே டாக்டர்கள் நிறுத்திவிடுகிறார்கள்.

அப்பா ஏற்கனவே குடித்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். மலத்தில் ரத்தம் கண்டால், அடுத்த கீமோ தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.