நாடாவை வெட்டி ஒட்டியவர்

அன்புள்ள ஐயா,

யெஸ் என்ற ஆங்கில ராக் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தயாரிப்பாளர் என்று குழுவின் பெயரோடு எடி ஆஃபோர்ட் பெயரும் இருக்கிறது. பாட்டுக் கட்டியதும் வாசித்ததும் அந்த ஐந்து பேர். இவருக்கு அங்கே என்ன வேலை? இவர் ஒலிப்பதிவாளர்தானே?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

ஆமாம், லண்டன் அட்விஷன் ஸ்டூடியோவின் ஒலிப்பதிவாளர். எமர்சன், லேக் அண்ட் பாமர் என்ற இன்னொரு ராக் குழுவின் தொடக்க கால ஆல்பங்களில் அவருக்கு அந்த வேலைதான். தயாரிப்பாளர் அந்தக் குழுவின் க்ரெக் லேக். யெஸ் குழுவின் 1970 ஆல்பத்துக்கும் அப்படித்தான் வந்தார். அடுத்த ஆண்டே, 'தி யெஸ் ஆல்ப'த்தில், இணைத் தயாரிப்பாளர் ஆகிவிட்டார். சும்மா கொடுத்த பட்டம் இல்லை.

நீங்கள் கேட்கும் 1972 ஆல்பத்தையே எடுத்துக்கொள்வோம். தலைப்புப் பாட்டு கிட்டத்தட்ட 19 நிமிடம். அதை யாரும் ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்யவில்லை. கொஞ்சம் ஒத்திகை பார்ப்பார்கள், அந்தத் துண்டைப் பதிவு செய்வார்கள், பிறகு அடுத்த துண்டு. ஆஃபோர்ட் பதிவான ஒலிநாடாவை பிளேடால் வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போவார். வெவ்வேறு நாளில் வாசித்தவை தாளத்திலும் முழக்கத்திலும் பொருந்த வேண்டும். ஐந்து பேரும் அவரவர் வாத்தியத்தில் மூழ்கியிருக்க, முழுப் பாட்டையும் காதில் வைத்திருக்க ஒருவர் வேண்டுமே. ஒருமுறை தேவையான துண்டு ஒன்று குப்பையோடு வெளியே போய்விட்டது. தொட்டியைக் கிளறி எடுத்து வந்து ஒட்டினார்கள்.

இந்த இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். பாட்டின் பின்பாதியில் பெரிய ஆர்கன் ஒன்று எழும். அது லண்டன் கிரிப்பிள்கேட் செயின்ட் கைல்ஸ் தேவாலயத்தில் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மன் வாசித்தது. தேவாலயத்தின் கல் சுவர்களில் எழும் முழக்கம் வேறு, ஸ்டூடியோ அறையின் முழக்கம் வேறு. ஆனாலும் பாட்டு எங்கேயும் அறுந்து விழுவதில்லை. இன்னொரு பக்கம், வெட்டி ஒட்டினால் உயிர் போய்விடுமே என்று ஸ்டூடியோவுக்குள்ளேயே மேடை போட்டு அதன்மேல் நின்று வாசிக்க வைத்தவரும் அவர்தான். எனக்கு அவர் மேல் மதிப்பு கூடுவது இதனால்தான்.

அப்புறம் யெஸ் குழுவின் கச்சேரிகளுக்கும் கூடவே போய் ஒலி கலந்தார். 1973இல் வந்த அவர்களுடைய இரட்டை ஆல்பம் 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' இன்னும் கொஞ்சம் வெட்டியிருக்க வேண்டிய ஒன்று என்பது என் எண்ணம். 1974இல் அடுத்த ஆல்பம் 'ரிலேயர்' பதிவானது குழுவின் பாஸ் கிதார் கலைஞர் கிறிஸ் ஸ்குவையரின் வீட்டில். பிற்பாடு ஆஃபோர்ட் அமெரிக்கா போய், 1993இல் 311 என்ற குழுவின் 'மியூசிக்' ஆல்பத்தைத் தயாரித்தார். முற்றிலும் வேறு ரகம், அதையும் நன்றாகவே செய்தார்.

அடுத்து எதைக் கேட்கலாம் என்றால், எமர்சன், லேக் அண்ட் பாமரின் 'டார்கஸ்', 1971. அதில் கடைசிப் பாட்டு 'ஆர் யூ ரெடி, எடி?'. அந்த எடி இவர்தான்.