முகூர்த்த நாளில் வேலைக்குப் போகும் மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தங்கள் மகள் பி.காம். விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, திருமண நிகழ்வுகளைப் படமெடுக்கும் ஒளிப்படக் கலைஞராகப் போவதாகச் சொல்வதையும், அதனால் வீட்டில் பேச்சு வார்த்தை குறைந்துபோயிருப்பதையும் விரிவாக எழுதியிருந்தீர்கள். வருமானம் நிலைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதைவிட அழுத்தமாக, இரவு பகல் பாராமல் வெளியூர் மண்டபங்களுக்குப் போய்வரும் பெண்ணுக்கு நாளை ஒரு குடும்பம் அமையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்வியே இங்கு முதன்மையானது என்பது என் கருத்து. திறமையைப் பயிற்சியால் வளர்த்துக்கொள்ளலாம், கருவிகளைக் கடன் வாங்கியாவது சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இத்தொழிலின் நேரத்தோடு வீடு ஒத்துப்போகாவிட்டால், நல்ல கலைஞர்கள்கூடச் சில ஆண்டுகளில் விலகிவிடுகிறார்கள்.

மற்றவர்கள் ஓய்ந்திருக்கும் நாள்களே இவர்களுக்கு வேலை நாள்கள். தை முதல் பங்குனி வரையிலும், சித்திரையின் பிற்பகுதி முதல் ஆனி வரையிலும், ஆவணியிலும், பின்னர் ஐப்பசி, கார்த்திகையிலும் முகூர்த்தங்கள் நெருங்கி வரும். ஆடியிலும் மார்கழியிலும் ஏறத்தாழ ஒன்றும் இராது. புரட்டாசியையும் பல குடும்பங்கள் தவிர்த்துவிடுகின்றன. பெரும்பாலான கிறிஸ்தவக் குடும்பங்கள் தவக்காலத்தில் திருமணம் வைப்பதில்லை, ரமலான் மாதத்தில் நிக்காஹ் நடப்பது அரிது. ஆகவே ஓர் ஆண்டுக்கான வருமானம் சில மாதங்களில் மொத்தமாக வந்து சேரும். ஆவணியில் கைக்கு வந்ததை மார்கழிக்கும் சேர்த்து எடுத்து வைக்கத் தெரியாதவர், படம் எவ்வளவு அழகாக எடுத்தாலும், மாதச் சம்பளத்துக்குப் பழகிய குடும்பத்தைத் திணறடித்துவிடுவார்.

ஒரு திருமணத்தின் வேலை எப்படி நடக்கிறது என்பதைத் தாங்கள் ஒருமுறை அருகிலிருந்து பார்க்க வேண்டும். முந்தின நாள் மாலை வரவேற்பு தொடங்கினால், மேடையில் வரிசையாக ஏறும் கடைசிக் குடும்பம் இறங்குவதற்கு இரவு பதினொரு மணியாகிவிடும். அதன்பின் மெமரி கார்டுகளில் உள்ளவற்றை இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்குகளில் படியெடுத்து, பேட்டரிகளைச் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் படுக்க முடியும். விடியற்காலை நாலரை ஆறு முகூர்த்தம் என்றால், மணப்பெண் அலங்காரத்தைப் படமெடுப்பதற்காக இரண்டரை மணிக்கே எழுந்தாக வேண்டும். கெட்டிமேளம் ஒலிக்கும் அந்தச் சில நொடிகளில் மாப்பிள்ளையின் கை, மணப்பெண்ணின் குனிந்த முகம், பின்னால் நின்று முடிச்சுப் போடும் நாத்தனார் ஆகிய எல்லாம் ஒரே படச் சட்டத்துக்குள் வர வேண்டும். அந்நேரம் பார்த்து அட்சதை தூவுவதற்காக உறவினர் அனைவரும் முன்னால் வந்துவிடுவார்கள், எல்லார் கையிலும் அலைபேசி உயர்ந்திருக்கும், ஓமப் புகை லென்ஸை மறைக்கும். இன்னொரு முறை தாலி கட்டச் சொல்ல முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு கார்டுகளில் பதிவு செய்யும் கேமராவும், வேறு கோணத்தில் நிற்கும் இன்னொரு கலைஞரும் ஆடம்பரச் செலவு என்று தோன்றலாம். தொழில் தெரிந்தவர்கள் இவை இரண்டும் இல்லாமல் திருமணத்தை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மண்டபத்தில் முடிவது வேலையில் பாதிகூட இல்லை. சில ஆயிரம் படங்களிலிருந்து நல்லவற்றைப் பிரித்து, நிறம் திருத்தி, ஆல்பம் வடிவமைப்பாளரிடம் கொடுத்து, அச்சாகி வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். ஆல்பத்துக்கான படங்களை மணமக்கள் தேர்ந்தெடுத்துத் தராமல் மாதக்கணக்கில் இழுப்பதும், அதுவரை மீதித் தொகை நிற்பதும் இத்தொழிலில் அன்றாடம் கேட்கும் குறை. பதிவு செய்யும்போது ஒரு பகுதி, திருமண நாளன்று பெரும்பகுதி, ஆல்பம் கொடுக்கும்போது சிறு மீதி என்று எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்பவர்களுக்கு இந்தச் சிக்கல் பெரிதும் குறைகிறது. தங்கள் மகள் பி.காம். வேண்டாம் என்கிறாள், ஆனால் கணக்கும் ஒப்பந்தமும் தெரியாமல் இத்தொழிலை நடத்த இயலாது என்பதை அவளிடம் நான் நேரிலும் சொல்ல விரும்புகிறேன்.

குடும்ப வாழ்க்கைக்கு வருகிறேன். ஆறு மாதங்களுக்கு முன்பே முன்பணம் வாங்கிவிட்ட நாளில் சொந்தச் சித்தப்பா வீட்டுத் திருமணம் வந்தால், போக முடியாது. நல்ல நாள் எல்லாருக்கும் ஒரே நாள்தானே. பிள்ளையின் பள்ளி ஆண்டு விழா, மாமியாரின் மருத்துவமனைச் சோதனை, தீபாவளிக்கு மறுநாள் விருந்து என்று ஒவ்வொன்றிலும் ஒரு இடம் காலியாக இருக்கும். அது யாருடைய இடம் என்பதை உறவினர்கள் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். இரண்டு கேமராக்களைத் தோளில் சுமந்து பன்னிரண்டு மணி நேரம் நிற்பதால் வரும் முதுகுவலியும் முழங்கால் வலியும் நாற்பது வயதுக்கு முன்பே பலருக்குத் தொடங்கிவிடுகின்றன. இவற்றை மறைத்துத் தங்களுக்கு ஊக்கம் தருவது நேர்மையாகாது.

அதே நேர்மையோடு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இன்று மணப்பெண் அலங்கார அறைக்குள் படமெடுப்பதற்குப் பெண் கலைஞர் வேண்டும் என்று கேட்கும் குடும்பங்கள் பல உள்ளன. மஞ்சள் நீராட்டு விழாவுக்கும் வளைகாப்புக்கும் இந்தத் தேவை இன்னும் அதிகம். பெண் கலைஞர்கள் பெரும்பாலும் தனியாகச் செல்வதில்லை. குழுவாக ஒரே வண்டியில் போய்வருகிறார்கள், இரவு தங்குமிடம் முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதப்படுகிறது. இந்த இரண்டையும் உறுதி செய்யாத ஸ்டூடியோவில் தங்கள் மகளைச் சேர்க்க வேண்டாம். மேலும், வாழ்நாள் முழுவதும் ஒருவர் திருமணங்களையே படமெடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. பிறந்த குழந்தைகளையும் சிறு பிள்ளைகளையும் படமெடுப்பது பகல் நேர வேலை. திருப்பூரின் ஆடை நிறுவனங்களுக்கும், இணையத்தில் விற்கும் நகைக் கடைகளுக்கும், உணவகங்களுக்கும் பொருள்களைப் படமெடுத்துத் தருவதும் அப்படியே. மாலையில் வீடு திரும்பலாம். முதல் சில ஆண்டுகள் மண்டபத்தில் கற்று, குழந்தை பிறந்தபின் இவ்வகை வேலைகளுக்கு மாறிக்கொண்ட பெண்களை நான் அறிவேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, திருமணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்றானபோது, சித்திரை, வைகாசி முகூர்த்தங்களை மட்டுமே நம்பியிருந்தவர்கள் பட்ட பாட்டை நினைத்தால், இரண்டு வகை வேலையைக் கையில் வைத்திருப்பது இருபாலருக்கும் நல்லது.

பெண்ணுக்கு இது ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்கு நான் ஹோமை வியாரவாலாவைச் சொல்வதுண்டு. 1913-இல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்த அவர், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகை ஒளிப்படக் கலைஞராக அறியப்படுபவர். கணவர் மானெக்‌ஷாவும் அதே துறையில் இருந்தார். தொடக்கத்தில் அவருடைய படங்கள் கணவர் பெயரில் வெளியானபோதும், பிற்காலத்தில் தம் பெயராலேயே அறியப்பட்டு, சுதந்திர இந்தியாவின் முதல் ஆண்டுகளை டெல்லியில் படமெடுத்து, மகன் ஒருவரை வளர்த்து, 2011-இல் பத்ம விபூஷண் பெற்றார். வேலையின் தன்மை அறிந்த துணை அவருக்கு அமைந்திருந்ததைத் தாங்கள் கவனிக்க வேண்டும். வரன் பார்க்கும் காலத்தில் மகளின் தொழிலைச் சுருக்கிச் சொல்லாதீர்கள். முகூர்த்த மாதங்களில் அவள் வீட்டில் இருக்க மாட்டாள் என்பதை முதல் பேச்சிலேயே தெரிவித்துவிடுங்கள். அதைக் கேட்டு விலகும் குடும்பம் விலகட்டும்.

படிப்பைப் பற்றி: பட்டம் இல்லாமலும் இத்தொழிலில் பலர் உயர்ந்திருக்கிறார்கள், எனினும் பதினேழு வயதில் பட்டப் படிப்பைத் துறப்பதை நான் ஆதரிக்கவில்லை. சென்னை லயோலா கல்லூரி உட்பட மாநிலத்தின் பல கல்லூரிகளில் விஷுவல் கம்யூனிகேஷன் என்னும் காட்சித் தொடர்பியல் இளநிலைப் படிப்பு உள்ளது. ஒளிப்படத்தை மட்டுமே ஆழமாகக் கற்க விரும்பினால் ஊட்டியில் உள்ள லைட் அண்ட் லைஃப் அகாடமி உண்டு. பட்டம் முடித்தபின் காந்திநகர் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒளிப்பட வடிவமைப்பில் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தின் ஒளிப்பதிவுப் படிப்பு திரைப்படத்துக்கானது. ஒளிப்படம், ஒளிப்பதிவு என்று பெயர் ஒத்திருப்பதால் பெற்றோர் பலர் குழம்புகிறார்கள்.

இப்போதே விலையுயர்ந்த கேமரா வாங்கித் தராதீர்கள். கேமராவும் லென்ஸ்களும் ஃபிளாஷும் சேர்ந்தால் சில இலட்சங்கள் ஆகும். வாங்கிய நாளிலிருந்து அதன் மதிப்பு இறங்கும். தொடக்கத்தில் திருமண நாளுக்கு மட்டும் லென்ஸை வாடகைக்கு எடுப்பதே வழக்கம். பின்னாளில் தனியாகத் தொழில் தொடங்கும்போது, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். சிறு தொழில்களுக்குக் கடன் தரும் மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் கடன் பெறலாம். கருவிகளுக்குக் காப்பீடு எடுக்கலாம். ஆண்டு வருவாய் 20 இலட்சம் ரூபாயைக் கடந்தால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி எடுக்கச் சொன்னவருக்கே உரியது. மணமக்களின் படங்களை விளம்பரத்துக்கு இன்ஸ்டாகிராமில் போடும் இளைஞர்கள் இதை அறியாமலே போட்டுவிடுகிறார்கள். அனுமதியை எழுதி வாங்கும் பழக்கம் முதல் திருமணத்திலிருந்தே வர வேண்டும்.

நான் பரிந்துரைப்பது இதுதான். இந்த ஜூனில் அவள் விஷுவல் கம்யூனிகேஷனோ பி.காம்.-ஓ ஏதேனும் ஒரு பட்டப் படிப்பில் சேரட்டும். ஆவணி தொடங்கியதும், பெண் கலைஞர்கள் ஏற்கெனவே வேலை செய்யும் ஒரு ஸ்டூடியோவில் வார இறுதிகளில் உதவியாளராகப் போகட்டும். விளக்குப் பிடிப்பதும், பை சுமப்பதும், கார்டுகளைப் படியெடுப்பதும் அவள் வேலையாக இருக்கும், கேமரா உடனே கைக்கு வராது. அந்த ஸ்டூடியோ உரிமையாளரைத் தாங்கள் நேரில் சந்தித்து, போக்குவரத்து, தங்குமிடம், நாள் கூலி ஆகியவற்றைக் கேட்டறியுங்கள். முதல் இரண்டு முகூர்த்தங்களுக்கு மகளை அழைத்துவரத் தாங்களே அதிகாலையில் மண்டபத்துக்குப் போங்கள். தை மாதம் முடியும் வரை இப்படியே நடக்கட்டும். அதன்பின் அவள் இதே விருப்பத்தோடு இருந்தால், மாசியில் மூவரும் என்னிடம் வாருங்கள், கருவிகளுக்கான செலவுத் திட்டத்தை உட்கார்ந்து எழுதுவோம்.